கன்சோல் வாங்கும் முன்: பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ், ஸ்விட்ச் 2 மூன்றையும் படிப்படியாக ஒப்பிடுவது எப்படி?

தீபாவளி போனஸ் கைக்கு வரும் வாரத்தில் டிவியில் செருகி வீடியோ கேம் ஆடும் கன்சோல் பெட்டியைப் பற்றி எனக்குப் பலரிடமிருந்து ஒரே கேள்வி வரும்: “பிஎஸ்5 வாங்கட்டுமா, எக்ஸ்பாக்ஸ் வாங்கட்டுமா?” நான் உடனே பெயர் சொல்வதில்லை. வீட்டு டிவி என்ன மாடல், யார் யார் விளையாடப் போகிறீர்கள், வருஷத்துக்கு எத்தனை கேம் வாங்குவீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பெட்டியின் விலை ஒரு தடவை கொடுப்பது. அதற்குள் போடும் கேம்களின் விலையோ வருஷா வருஷம் வந்துகொண்டே இருக்கும். இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கி, மூன்று மாதத்தில் கன்சோலைத் தூசி படிய விட்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு தாள் எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் உங்கள் வீட்டுக்கான பதிலை அதில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

முதலில், போட்டியில் இருப்பவை

2020 நவம்பரில் சோனியின் பிளேஸ்டேஷன் 5, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ், அதன் தம்பி சீரீஸ் எஸ் ஆகியவை வந்தன. எக்ஸ்பாக்ஸ் இரண்டும் அதே மாதம் இந்தியாவுக்கு வந்துவிட்டன. பிஎஸ்5 இங்கே 2021 பிப்ரவரி 2 அன்றுதான் விற்பனைக்கு வந்தது. அறிமுக விலை: டிஸ்க் போடும் பிஎஸ்5, சீரீஸ் எக்ஸ் இரண்டுமே 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத பிஎஸ்5 டிஜிட்டல் 39,990, அதேபோல் டிஸ்க் இல்லாத சீரீஸ் எஸ் 34,990. நின்டெண்டோ ஸ்விட்ச் 2 வந்தது 2025 ஜூன் 5 அன்று, அமெரிக்க அறிமுக விலை 449.99 டாலர்.

கொஞ்சம் பொறுத்தால் விலை இறங்கும் என்பது பழைய கணக்கு. இந்தத் தலைமுறையில் அது பலிக்கவில்லை. 2022 நவம்பரில் டிஸ்க் பிஎஸ்5 இங்கே 54,990 ஆனது. 2025ல் அமெரிக்காவில் மூன்று நிறுவனங்களுமே கன்சோல் விலையை ஏற்றின. பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். நிரந்தர விலைக்குறைப்பை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

படி 1: எந்த கேம்களுக்காக வாங்குகிறீர்கள்?

தாளின் மேலே ஐந்து கேம் பெயர்களை எழுதுங்கள். பிள்ளைகளுக்காக வாங்குவதென்றால் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் எதில் எல்லாம் ஓடும் என்று பாருங்கள். பெரும்பாலானவை இரண்டு மூன்று கன்சோல்களில் ஓடும். எஃப்சி கால்பந்து, கால் ஆஃப் டியூட்டி மாதிரி கேம்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

முடிவு செய்ய உதவுவது ஒரு கன்சோலில் மட்டும் கிடைப்பவை. மரியோ கார்ட், செல்டா, போக்கிமான் வேண்டுமென்றால் நின்டெண்டோதான், பேச்சுக்கே இடமில்லை. சோனியின் ஸ்பைடர்மேன் 2, ஆஸ்ட்ரோ பாட் போன்றவை முதலில் பிஎஸ்5க்கு வரும். சில கேம்கள் ஓரிரு வருஷம் கழித்து கம்ப்யூட்டருக்கும் வரும்.

எக்ஸ்பாக்ஸ் கதை வேறு. மைக்ரோசாஃப்ட் தன் சொந்த கேம்களைக் கம்ப்யூட்டரிலும் வெளியிடுகிறது. கடந்த சில வருஷங்களாகப் போட்டியாளரின் பெட்டிக்கே கொடுக்கவும் தொடங்கிவிட்டது. ‘சீ ஆஃப் தீவ்ஸ்’ 2024 ஏப்ரலிலும், ‘ஃபோர்ஸா ஹொரைசன் 5’ 2025 ஏப்ரலிலும் பிஎஸ்5க்கு வந்துவிட்டன. ஆகவே நல்ல கிராபிக்ஸ் கார்டு போட்ட கம்ப்யூட்டர் வீட்டில் இருந்தால், எக்ஸ்பாக்ஸில் மட்டுமே ஆட முடியும் என்று சொல்லத் தக்க புது கேம் அநேகமாக எதுவும் இல்லை. அந்த வீட்டுக்கு பிஎஸ்5 அல்லது ஸ்விட்ச் 2தான் புதிதாக ஏதாவது கொண்டுவரும்.

பழைய டிஸ்குகள் அட்டைப்பெட்டியில் கிடக்கின்றனவா? அவற்றையும் எண்ணிப் பாருங்கள். பிஎஸ்5ல் பிஎஸ்4 கேம்கள் பெரும்பாலும் எல்லாமே ஓடும். பிஎஸ்3 டிஸ்க் ஓடாது. சீரீஸ் எக்ஸில் 2001ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸின் டிஸ்க் வரை, ஆதரவுப் பட்டியலில் இருப்பவை ஓடும். எக்ஸ்பாக்ஸ் 360 டிஸ்குகளைப் பத்திரமாக வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வரம். அந்தப் பட்டியலில் கடைசியாகச் சேர்த்தது 2021 நவம்பரில். விட்டுப்போன கேம் இனிமேல் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படி 2: டிவியின் பின்பக்கத்தைப் பாருங்கள்

செல்போன் டார்ச்சைப் போட்டு டிவிக்குப் பின்னால் எட்டிப் பாருங்கள். ஹெச்டிஎம்ஐ துளைகள் மூன்றோ நான்கோ இருக்கும். ஏதாவது ஒன்றின் பக்கத்தில் மட்டும் ‘4கே 120’ என்று பொடி எழுத்தில் அச்சடித்திருக்கலாம். அதுதான் ஹெச்டிஎம்ஐ 2.1 துளை. பல டிவிகளில் ஒன்றோ இரண்டோதான் அப்படி இருக்கும். அதில் ஏற்கனவே சவுண்ட்பார் செருகியிருந்தால் கன்சோலுக்கு எது என்று முதலில் யோசிக்க வேண்டும்.

4கே (ஹெச்டியைவிட நுணுக்கமான) படம் நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படச்சட்டம், ஓட பழைய 2.0 துளை போதும். 120 பிரேமுக்குத்தான் 2.1 வேண்டும். டிவி 60 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 60 தடவை மட்டும் படத்தை மாற்றுவது) என்றால் 120 பிரேம் விளம்பரம் உங்களுக்குப் பொருந்தாது, அதைத் தாளில் அடித்துவிடுங்கள். வீட்டில் இருப்பது 32 இன்ச் ஹெச்டி டிவி, அதை மாற்றும் எண்ணமும் இல்லை என்றால் 4கே என்பதையே அடித்துவிடலாம். பெரும்பாலும் ஹெச்டிக்கும் 4கேவுக்கும் இடைப்பட்ட 1440பி அளவைக் குறிவைத்துச் செய்த சீரீஸ் எஸ் அந்தத் திரைக்குத் தாராளம்.

பிரேம் வேகம் கேமுக்கேற்ப அங்கும் இங்கும் ஆடும்போது படம் கிழிவதைத் தடுக்கும் விஆர்ஆர் வசதி மூன்றிலும் உண்டு, ஆனால் ஒரே மாதிரி இல்லை. பிஎஸ்5க்கு அதற்கு ஹெச்டிஎம்ஐ 2.1 டிவி கட்டாயம். எக்ஸ்பாக்ஸ் சில பழைய 2.0 திரைகளிலும் ஃப்ரீசிங்க் என்ற இன்னொரு முறை வழியாகச் சமாளிக்கும். ஸ்விட்ச் 2ல் கையில் பிடித்து ஆடும்போது மட்டும்தான், டிவியில் இல்லை. டால்பி விஷன் டிவி வைத்திருப்பவர்கள் கவனிக்க: கேம்களுக்கு அதைத் தருவது எக்ஸ்பாக்ஸ் மட்டுமே.

எந்தக் கன்சோல் வாங்கினாலும் டிவி செட்டிங்ஸில் ‘கேம் மோட்’ போடுங்கள். பட்டனை அழுத்திய பிறகு ஒரு கணம் கழித்துத்தான் கதாபாத்திரம் குதிக்கிறது என்றால் பல நேரம் தவறு கன்சோலில் இல்லை. படத்தை அழகுபடுத்த டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் அது. 60 பிரேமில் ஒரு பிரேம் என்பது 16.7 மில்லி நொடி. டிவி அப்படிச் சில பிரேம்களை விழுங்கினாலே விரலுக்குத் தெரிந்துவிடும்.

படி 3: டெராஃப்ளாப் எண்களை எப்படிப் படிப்பது?

கடையில் முதலில் காட்டுவது இதைத்தான். கிராபிக்ஸ் சிப் நொடிக்கு எத்தனை லட்சம் கோடி கணக்குப் போடும் என்பதே டெராஃப்ளாப். சீரீஸ் எக்ஸ் 12 டெராஃப்ளாப், பிஎஸ்5 10.28, சீரீஸ் எஸ் 4. பார்த்தால் எக்ஸ் ஜெயித்த மாதிரி தெரியும். ஆனால் இரண்டிலும் வெளியான கேம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பதே கஷ்டம், சில கேம்கள் பிஎஸ்5லேயே சீராக ஓடுகின்றன. காரணம் உண்டு. சீரீஸ் எக்ஸில் 52 கணக்கீட்டு அலகுகள் 1.825 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன. பிஎஸ்5ல் 36தான், ஆனால் 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை போகும். எக்ஸில் ஆள் அதிகம், பிஎஸ்5ல் ஆள் குறைவு ஆனால் கை வேகம். எல்லா வேலையையும் 52 பேருக்குப் பிரித்துக் கொடுக்க முடிவதில்லை. கேம்களைச் சேமித்து வைக்கும் எஸ்எஸ்டியின் வேகமும் சேர்கிறது: பிஎஸ்5ல் நொடிக்கு 5.5 ஜிபி, எக்ஸ்பாக்ஸில் 2.4 ஜிபி.

இந்த எண் விளையாட்டு புதிதில்லை. 1993ல் அட்டாரி நிறுவனம் தன் ஜாகுவார் கன்சோலை 64 பிட் என்று சொல்லி, கணக்குப் போட்டுப் பாருங்கள் என்று விளம்பரம் செய்தது. கேம்கள் இல்லாமல் அது படுத்துவிட்டது. 2006ல் வந்த நின்டெண்டோ வீ, சக்தியில் பிஎஸ்3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டுக்கும் கீழே. விற்பனையில் 10 கோடியைத் தாண்டி இரண்டையும் முந்தியது.

நான் உண்மையிலேயே கவனிக்கச் சொல்லும் எண் மெமரி. சீரீஸ் எக்ஸ், பிஎஸ்5 இரண்டிலும் 16 ஜிபி. சீரீஸ் எஸ்ஸில் 10 ஜிபி. 2023ல் ‘பால்டர்ஸ் கேட் 3’ பிஎஸ்5ல் செப்டம்பரிலேயே வந்துவிட்டது, எக்ஸ்பாக்ஸுக்கு டிசம்பர் ஆயிற்று. திரையை இரண்டாகப் பிரித்து இருவர் ஆடும் வசதியை சீரீஸ் எஸ்ஸில் ஓட வைக்க முடியாததுதான் தாமதத்துக்குக் காரணம். கடைசியில் எஸ்ஸில் மட்டும் அந்த வசதி இல்லாமலேயே வெளியிட்டார்கள். 2025ல்தான் அப்டேட்டில் வந்து சேர்ந்தது. சீரீஸ் எஸ் நல்ல பெட்டிதான். இன்னும் நாலைந்து வருஷம் புதுப் பெரிய கேம்களை ஆட நினைப்பவர் இந்த 10 ஜிபியை நினைவில் வைக்க வேண்டும்.

2024 நவம்பரில் சக்தி கூடிய பிஎஸ்5 ப்ரோ வந்தபோது இந்தியா விற்பனைப் பட்டியலில் இல்லை. அதன் வைஃபை பயன்படுத்தும் 6 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு இங்கே அனுமதி இல்லாததைக் காரணமாக சோனி சொன்னது. 55 இன்ச்சுக்கு மேல் நல்ல 4கே டிவி இருந்தால் ஒழிய அதை நினைத்து ஏங்க வேண்டியதில்லை.

படி 4: டிஸ்க் துளை வேண்டுமா?

இந்தப் படியில்தான் நிறைய பேர் பணத்தை விடுகிறார்கள். பெட்டி விலையில் பத்தாயிரம் மிச்சம் என்று டிஸ்க் இல்லாததை எடுத்துவிடுகிறார்கள். கணக்கைப் பார்ப்போம்.

சோனியின் சொந்தப் பெரிய கேம்கள் பிஎஸ்5ல் இங்கே 4,999 ரூபாய்க்கு வந்தன. வருஷத்துக்கு நாலு புது கேம் வாங்கும் வீடு என்று வையுங்கள். ஏறத்தாழ 20,000 ரூபாய். ஐந்து வருஷத்தில் ஒரு லட்சம், அதாவது கன்சோல் விலையைப் போல் இரண்டு மடங்கு. இப்போது டிஸ்காக வாங்கி, முடித்ததும் 2,500 ரூபாய்க்கு விற்றுவிட்டீர்கள் என்று வையுங்கள். வருஷத்துக்குப் பத்தாயிரம் திரும்பி வருகிறது. டிஸ்க் துளைக்குக் கூடுதலாகக் கொடுத்த பணம் முதல் வருஷமே வந்துவிட்டது. விற்கவே வேண்டாம், பக்கத்து வீட்டு நண்பனுடன் மாற்றிக்கொண்டாலும் அதே லாபம்தான்.

டிஜிட்டலாக வாங்கிய கேம் உங்கள் கணக்கோடு ஒட்டிக்கொண்டது. விற்க முடியாது, கடன் கொடுக்க முடியாது. வாங்கும் இடமும் அந்த நிறுவனத்தின் கடைதான். அங்கே தள்ளுபடி போடும்போதுதான் விலை குறையும். ஆனால் ஒரே ஆன்லைன் கேமை வருஷம் முழுக்க ஆடுபவர், அல்லது சந்தாவில் வருவதை மட்டுமே ஆடுபவர், டிஸ்க் இல்லாததையே எடுக்கலாம். அவருக்கு அந்தத் துளை வெறும் ஓட்டை.

தீர்மானிக்க முடியாதவருக்கு பிஎஸ்5 ஸ்லிம் ஒரு வழி தருகிறது. 2023 நவம்பரில் வந்த இந்த மாடலில் டிஸ்க் டிரைவைப் பிறகு தனியாக வாங்கிப் பொருத்தலாம். முதல் தடவை இணைக்கும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும். சீரீஸ் எஸ்ஸில் அந்த வழியே இல்லை. டிஸ்க் டிரைவ் உள்ள பிஎஸ்5, சீரீஸ் எக்ஸ் இரண்டும் 4கே ப்ளூ-ரே படமும் ஓட்டும். 2000ல் வந்த பிஎஸ்2 பதினாறு கோடிக்கு மேல் விற்றதில் அதற்குள் இருந்த டிவிடி பிளேயருக்கும் பங்கு உண்டு. இன்று படத்துக்காக டிஸ்க் தேடுபவர்கள் குறைவு, அதனால் இதை முடிவுக்குக் காரணமாக எடுக்க வேண்டாம்.

ஸ்விட்ச் 2ல் டிஸ்குக்குப் பதில் கார்ட்ரிட்ஜ். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. சில கேம்களை ‘கேம்-கீ கார்டு’ என்று விற்கிறார்கள். அட்டைக்குள் கேம் இருக்காது, சாவி மட்டும். முழு கேமையும் டவுன்லோட் செய்ய வேண்டும், ஆடும்போது அட்டையும் செருகியிருக்க வேண்டும். டப்பாவின் முன்பக்கத்துக் கீழ்ப்பகுதியில் அந்தக் குறிப்பு அச்சாகியிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். ‘சைபர்பங்க் 2077’ மாதிரி பெரிய கேமையே முழுசாக 64 ஜிபி கார்ட்ரிட்ஜில் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

படி 5: இடம் எவ்வளவு?

பெட்டியில் போட்ட அளவு முழுசாகக் கைக்கு வராது. 825 ஜிபி என்ற முதல் பிஎஸ்5ல் நமக்குக் கிடைப்பது சுமார் 667. சீரீஸ் எக்ஸின் 1 டிபியில் 802, சீரீஸ் எஸ்ஸின் 512ல் 364. பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைத் தொடுகிறது. சீரீஸ் எஸ்ஸில் மூன்று பெரிய கேம் போட்டாலே நாலாவதற்கு ஒன்றை அழிக்க வேண்டும். மெதுவான நெட் உள்ள ஊரில் இது பெரிய தொல்லை.

கூட்டுவதற்கு பிஎஸ்5ல் கம்ப்யூட்டர் கடையில் கிடைக்கும் ஜென்4 எம்.2 எஸ்எஸ்டி போதும், சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் கட்டாயம். எக்ஸ்பாக்ஸுக்கு அதற்கென்றே செய்த கார்டு வேண்டும், விலை கூட. ஸ்விட்ச் 2க்கு மைக்ரோஎஸ்டி எக்ஸ்பிரஸ் வகை மட்டுமே ஒத்துவரும்; பழைய ஸ்விட்சின் கார்டைப் போட்டு கேம் ஆட முடியாது.

படி 6: கையில் பிடித்துப் பாருங்கள், யார் யார் ஆடுவார்கள் என்றும்

கடையிலோ நண்பர் வீட்டிலோ பத்து நிமிஷம் கேட்டு வாங்கிப் பிடியுங்கள். பிஎஸ்5 கன்ட்ரோலரின் டிரிக்கரில் ஒரு விசேஷம் உண்டு. வில்லை இழுக்கும் காட்சியில் விரலுக்கு அடியில் அது இறுகும், பாதியில் தடுக்கும். மணலில் நடந்தால் உள்ளங்கையில் நொறுநொறுவென்று தெரியும். எழுத்தில் படித்தால் இது சின்ன விஷயமாகத் தோன்றும். பிடித்துப் பார்த்தவர்கள் பலரும் அதற்காகவே பிஎஸ்5 பக்கம் சாய்வதைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலருக்கு இரண்டு ஏஏ பேட்டரி. ரீசார்ஜ் பேட்டரி நாலு வாங்கி வைத்தால் கன்ட்ரோலர் வருஷக்கணக்கில் உழைக்கும், உள்ளே இருக்கும் பேட்டரி செத்துவிட்டது என்ற பேச்சே வராது.

எல்லாக் கன்ட்ரோலருக்கும் பொதுவான நோய் ஸ்டிக் ட்ரிஃப்ட். எங்கள் வீட்டுக் கன்ட்ரோலரில் ஒருநாள் யாரும் தொடாமலே பாத்திரம் மெல்ல இடப்பக்கம் நடக்க ஆரம்பித்தது. தம்பி பேய் என்று பயந்தே போனான். உள்ளே ஸ்டிக்கின் அசைவை அளக்கும் தடம் தேய்ந்ததுதான் காரணம். கன்ட்ரோலர் ஒன்றுக்கு ஐந்து ஆறாயிரம் ரூபாய் ஆகும். ஐந்து வருஷக் கணக்கில் ஒரு மாற்று கன்ட்ரோலரின் விலையைச் சேர்த்துவிடுங்கள்.

விடுமுறைக்கு அத்தை மாமா பிள்ளைகள் எல்லாம் வந்து ஹாலில் உட்காரும் வீடா? அங்கே ஸ்விட்சுக்கு நிகர் இல்லை. கூடவே வரும் ஜாய்-கான் என்ற இரண்டு சின்னக் கன்ட்ரோலர்களையும் ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடலாம், இரண்டாவது கன்ட்ரோலர் தேவையில்லை. டிவியை அம்மா சீரியலுக்குக் கேட்டால் 7.9 இன்ச் திரையோடு கையில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடலாம். கணவன் மனைவி இருவர் மட்டும் என்றால் ‘இட் டேக்ஸ் டூ’ எல்லாக் கன்சோலிலும் இருக்கிறது. இருவர் இல்லாமல் ஆடவே முடியாத கேம் அது.

படி 7: சந்தா

காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் மற்றவர்களோடு ஆட மூன்றிலுமே சந்தா வேண்டும். பிஎஸ்5லும் எக்ஸ்பாக்ஸிலும் ஃபோர்ட்நைட் மாதிரி இலவச கேம்களுக்குத் தேவையில்லை. பிள்ளை ஆடுவது அது மட்டும்தான் என்றால் சந்தாவை விட்டுவிடுங்கள்.

எக்ஸ்பாக்ஸின் கேம் பாஸ் சந்தாவில் உயர்ந்த திட்டம் எடுத்தால் மைக்ரோசாஃப்டின் சொந்த கேம்கள் பெரும்பாலும் வெளியாகும் நாளிலேயே கிடைக்கும். நிறைய கேம்களை ருசி பார்ப்பவருக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் 2025 அக்டோபரில் திட்டங்களைக் கலைத்துப் போட்டு அமெரிக்காவில் அந்த உயர்ந்த திட்டத்தை மாதம் 29.99 டாலர் ஆக்கினார்கள். இன்றைய மாதக் கட்டணத்தை நம்பி ஐந்து வருஷக் கணக்குப் போடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். சோனியின் பிஎஸ் பிளஸ் சந்தாவில் இங்கே எசென்ஷியல், எக்ஸ்ட்ரா, டீலக்ஸ் என்று மூன்று நிலைகள். சோனியின் பெரிய கேம்கள் பொதுவாக வந்து பல மாதம் கழித்துத்தான் அதில் சேரும்.

படி 8: வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால்

ஸ்விட்சை நின்டெண்டோ இந்தியாவில் அதிகாரபூர்வமாக அறிமுகம் செய்யவில்லை. சென்னை ரிச்சி தெருவில் கிடைப்பதும் இறக்குமதிதான், வாரன்டி கடைக்காரர் வாய்ச்சொல்லோடு சரி. சிங்கப்பூர், துபாய் உறவினர் வாங்கி வந்தால் நல்லது. ஜப்பானிலிருந்து என்றால் ஜாக்கிரதை. அங்கே 2025ல் 49,980 யென்னுக்கு வந்த மலிவான ஸ்விட்ச் 2ல் ஜப்பானிய மொழி மட்டும்தான், ஜப்பான் கணக்கு மட்டும்தான். எல்லா மொழியும் உள்ளது அப்போது 69,980 யென். மலிவு என்று ஜப்பானிய மொழி மட்டும் உள்ளதை வாங்கிவிட்டால் இங்கே ஒன்றும் செய்ய முடியாது.

பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டில் வாங்கினாலும் இங்கே ஓடும். கேமுக்குப் பிறகு தனியாக வாங்கும் கூடுதல் பகுதிகள் (டிஎல்சி) மட்டும் டிஸ்கின் பிராந்தியத்தோடு ஒத்துப்போக வேண்டும். துபாய் டிஸ்குக்கு இந்தியக் கணக்கில் டிஎல்சி வாங்கினால் இரண்டும் சேராமல் போகலாம்.

படி 9: வைக்கும் இடம், வாங்கும் நாள்

அலமாரியை டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். முதல் பிஎஸ்5 39 சென்டிமீட்டர் உயரம். ஸ்லிம் கிட்டத்தட்ட 36. சீரீஸ் எக்ஸ் 30 சென்டிமீட்டர் உயரமும் 15க்கு 15 அகலமும் உள்ள தூண். பின்னால் ஒரு சாண் இடம் விடுங்கள், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் அடைக்காதீர்கள். பிஎஸ்5 பெரிய கேம் ஓடும்போது சுமார் 200 வாட் இழுக்கும். தினம் இரண்டு மணி நேரம் ஆடினால் மாதம் 12 யூனிட். சீரீஸ் எஸ்ஸும் ஸ்விட்சும் இதில் பாதிகூட வராது. அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் சின்ன யுபிஎஸ் ஒன்று போடுங்கள், சேமிக்கும் நேரத்தில் நின்றுவிட்டால் ஆடியது அவ்வளவும் போய்விடலாம்.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர் நேரில் போய், ஒரு டிஸ்கைப் போட்டு, கேம் தொடங்கும் வரை பார்த்து, பதினைந்து நிமிஷம் ஓடவிட்டு ஃபேன் சத்தத்தைக் கேளுங்கள். ஸ்டிக்கை விட்டுவிட்டு திரையில் ஏதாவது தானாக நகர்கிறதா என்றும் பாருங்கள். புதிது என்றால் கடைப் பெயர் போட்ட பில், அதில் சீரியல் எண், இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பிள்ளையின் பிறந்தநாளுக்கு என்றால் முந்தின ராத்திரியே பெட்டியைப் பிரித்துவிடுங்கள். கணக்கு தொடங்கி, பெற்றோர் கட்டுப்பாட்டில் நேரமும் செலவு வரம்பும் வைத்து, சிஸ்டம் அப்டேட்டையும் கேமையும் இறக்கி, கன்ட்ரோலரை முழுசாக சார்ஜ் செய்து, திரும்ப அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடுங்கள். காலையில் பிரித்தவுடன் பிள்ளை ஆட ஆரம்பித்துவிடலாம்.